ஹைட்ரன்ட்: சொல்லில் இருப்பது தண்ணீர் மட்டும்தான்

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வவுனியாவில் ஒரு மாடிக் கட்டிடத்துக்கு வேலைக்குப் போனேன். வாசலோரம் இடுப்பளவு உயரத்தில் சிவப்புக் குழாய் ஒன்று நிற்கிறது, அதில் இரண்டு வாய். ஹைட்ரன்ட் என்றார்கள். அப்படியென்றால் என்ன? எங்கிருந்து வந்த சொல்? எப்படிப் பாவிப்பது? தமிழில் என்னவென்று சொல்வது?"

நாலு கேள்வி. குழாய் வேலைகளில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். சொற்களிலும் கொஞ்சம் பைத்தியம் உண்டு. ஆகவே பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலில் நின்றது ஹைட்ரன்ட்தானா என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பொருள். தெருவுக்கு அடியிலோ கட்டிடத்துக்குள்ளோ அழுத்தத்துடன் தண்ணீர் நிறைந்து நிற்கும் பெரிய குழாயில், ஒரே நேரத்தில் பெருமளவு தண்ணீர் எடுப்பதற்காக வைத்த வாய்தான் ஹைட்ரன்ட். அதில் வால்வு இருக்கும், நெளிகுழாயைப் பொருத்த இணைப்பு இருக்கும். வீட்டுப் பைப்பும் இதே வேலையைத்தானே செய்கிறது என்று கேட்கலாம். வீட்டுப் பைப் அரை இஞ்சி. இது இரண்டரை இஞ்சியும் அதற்கு மேலும். வித்தியாசம் எவ்வளவு என்று காட்ட ஒரு கணக்கு: நியூயோர்க்கில் ஒரு தெரு ஹைட்ரன்டை முழுதாகத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 1000 கலனுக்கு மேல் பாயும் என்று அந்த நகரத்தின் நீர்த்துறையே எச்சரிக்கிறது. அது ஏறக்குறைய 3800 லீற்றர். நம் வீடுகளில் சீமெந்துத் தூணில் ஏற்றி வைத்திருக்கும் கறுப்பு பிளாஸ்ரிக் தாங்கி 1000 லீற்றர் என்றால், அப்படி நாலு தாங்கி ஒரு நிமிடத்தில் காலி.

இனிச் சொல்லுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கிரேக்க மொழியில் தண்ணீருக்கு 'ஹுடோர்'. மற்றச் சொற்களோடு சேரும்போது அது 'ஹைட்ர' என்று குறுகும். இந்த வேரை நீங்கள் பாடசாலையிலேயே சந்தித்திருக்கிறீர்கள். ஹைட்ரஜன் என்றால் 'தண்ணீரை உண்டாக்குவது'. எரித்தால் தண்ணீர் வருவதால் 1787 இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் வைத்த பெயர். நம் இலங்கைப் பாடநூல்களில் அது 'ஐதரசன்' ஆகியது, கார்போஹைட்ரேட் 'காபோவைதரேற்று' ஆகியது. அந்தப் பாடநூல் எழுதியவர்கள் கையில் ஹைட்ரன்ட் அகப்பட்டிருந்தால் 'ஐதரந்து' என்று வைத்திருப்பார்கள். நல்லவேளை, அகப்படவில்லை.

சொல்லின் பின்பாதி '-அன்ட்'. அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த விகுதி, 'இதைச் செய்கிறவர், இதைச் செய்கிறது' என்ற பொருளைத் தரும். அசிஸ்டன்ட், அக்கவுண்டன்ட் எல்லாம் அந்த வால்தான். தலை கிரேக்கம், வால் லத்தீன். இப்படி இரண்டு மொழியை ஒட்டுப்போட்ட சொற்களைக் கண்டால் முகம் சுளிக்கிற பண்டிதர்கள் ஐரோப்பாவிலும் உண்டு. நாமும் 'பஸ்காரன்', 'வேன்காரர்' என்று இதே ஒட்டைத்தான் தினமும் போடுகிறோம். அந்தக் கணக்கில் ஹைட்ரன்ட் என்பது 'தண்ணிக்காரன்'. கேலியாகச் சொல்லவில்லை, சொல்லின் கட்டுமானம் அப்படியேதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சொல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது, தருகிற வேலை இருக்கிறது. தீ எங்குமே இல்லை. தீயணைப்பவர்கள் அதிகம் பாவித்ததால் தீ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஆங்கிலத்திலும் தேவைப்படும் இடத்தில் 'ஃபயர் ஹைட்ரன்ட்' என்று தனியாக முன்னொட்டுப் போடுகிறார்கள்.

'ஹுடோர்' தமிழிலிருந்துதான் போனது என்று நிரூபிக்க ஒருவர் எப்படியும் வருவார். அதற்கு இடமில்லை. நீர் என்பது திராவிட வேர்; தண்ணீர் அதன்மேல் 'தண்' என்ற குளிர்ச்சி சேர்ந்தது. கிரேக்கச் சொல்லின் சொந்தக்காரர்கள் வேறு: ஆங்கிலத்து வாட்டர், ரஷ்யரின் வோட்கா ('சின்னத் தண்ணீர்' என்று பொருள், குடித்தவர்கள்தான் பெரிது சின்னது சொல்லவேண்டும்), நீர்நாய்க்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஓட்டர், சமஸ்கிருதத்து உதகம். எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். அந்தக் குடும்பத்தில் நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட ஒரு பிள்ளையும் உண்டு: சமுத்திரம். 'சம்' என்றால் ஒன்றுசேர்ந்த, 'உத்ர' என்றால் நீர். பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு கட்டுவித்த குளத்துக்குப் பராக்கிரம சமுத்திரம் என்று பெயர். அந்தக் குளத்தின் பெயரும் வவுனியா வாசலில் நின்ற சிவப்புக் குழாயின் பெயரும் தூரத்துச் சொந்தம் என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான்.

ஆங்கிலத்தில் ஹைட்ரன்ட் என்ற சொல் 1806 இலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. பிறந்த இடம் அமெரிக்கா. பொருளுக்கு வயது இன்னும் கொஞ்சம் கூட. பிலடெல்பியா நகர நீர் வேலைகளின் தலைமைப் பொறியியலாளர் பிரெடெரிக் கிராஃப் 1801 இல் தூண் வடிவ ஹைட்ரன்டை உருவாக்கினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை உறுதிப்படுத்தக் காப்புரிமைப் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. காரணம், 1836 இல் வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகமே தீப்பிடித்து எரிந்தது. தீயணைக்கும் கருவியின் பத்திரத்தைத் தீ தின்றுவிட்டது. கதையாக எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்பீர்கள்.

அதற்கு முன் என்ன செய்தார்கள்? தெருவுக்கடியில் ஓடியவை மரக்குழாய்கள். முழு மரத்தின் நடுவைத் துளைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிப் புதைத்தவை. லண்டனில் எல்ம் மரத்தில் செய்தார்கள். எங்காவது தீப்பிடித்தால் ஓடிவந்து தெருவைக் கிண்டி, குழாயில் துளை போடுவார்கள். கிண்டிய கிடங்கில் தண்ணீர் நிறையும், வாளியால் அள்ளுவார்கள். 1666 இல் லண்டன் எரிந்தபோது ஆளாளுக்குக் கண்ட இடத்தில் குழாயை வெட்ட, அழுத்தம் போய், தேவையான இடத்தில் தண்ணீர் வராமல் போன கதையும் நடந்தது. தீ அணைந்த பிறகு துளையில் மரமுளை அடித்து மூடிவிடுவார்கள். அடுத்த முறை அதே தெருவில் தீ என்றால் புதிதாகத் துளைக்கத் தேவையில்லை, முளையைப் பிடுங்கினால் போதும். பிறகு முளையை முன்கூட்டியே வைத்துக் குழாய் புதைக்கத் தொடங்கினார்கள். அந்த முளையின் பெயர்தான் 'ஃபயர் பிளக்'. அமெரிக்காவில் வயதானவர்கள் சிலர் இரும்பு ஹைட்ரன்டையும் இன்றுவரை ஃபயர் பிளக் என்கிறார்கள். மரமுளை போய் எத்தனையோ தலைமுறை, பேர் மட்டும் நிற்கிறது.

வகைகள் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. நிலத்துக்கு மேலே தூணாக நிற்பது ஒன்று, நிலத்துக்கடியில் இரும்பு மூடிக்குக் கீழே ஒளிந்திருப்பது ஒன்று. பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டாவது. அங்கே சுவரில் மஞ்சள் தகட்டில் கறுப்பு எச் எழுத்துப் போட்டு இரண்டு எண் எழுதியிருப்பார்கள்: மேலே உள்ளது குழாயின் விட்டம் மில்லிமீற்றரில், கீழே உள்ளது தகட்டிலிருந்து மூடி எத்தனை மீற்றர் தூரம் என்பது. லண்டனிலிருந்து வரும் உறவுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தினமும் பார்த்திருப்பார்கள், என்னவென்று தெரிந்திருக்காது. பனி உறையும் நாடுகளில் தூணுக்குள் தண்ணீர் நிற்காது. வால்வு நிலத்துக்குள் ஆழத்தில் இருக்கும், மூடியதும் தூணிலுள்ள மிச்சத் தண்ணீர் கீழே வடிந்துவிடும். நமக்கு உறைவதற்கு என்ன இருக்கிறது? வவுனியா வெயிலில் தூண் நிறையத் தண்ணீரோடு நிற்கலாம்.

தீயணைப்பைத் தாண்டிய பாவனைகளும் உண்டு. பெரிய விமான நிலையங்களில் நிலத்தடிக் குழாயிலிருந்து விமானத்துக்கு எரிபொருள் ஏற்றும் வாயையும் ஹைட்ரன்ட் என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீரே இல்லாத தண்ணிக்காரன். சொற்கள் இப்படித்தான் வேலை மாறும்.

சரி, எப்படிப் பாவிப்பது? முதலில், அது நமக்குரிய வேலை அல்ல, தீயணைப்புப் படையின் வேலை. ஆனாலும் விளங்கி வைத்திருப்பது நல்லது. மூடியைக் கழற்றி, வால்வைச் சிறிது திறந்து, உள்ளே நின்ற மண்ணும் துருவும் வெளியேறும்வரை கொஞ்சம் தண்ணீரை விடவேண்டும். அந்தக் கல்லும் மண்ணும் பம்புக்குள் போனால் பம்புக்குக் கேடு. பிறகு நெளிகுழாயை இணைக்க வேண்டும். நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் மரையைச் சுற்றும் வேலை இல்லை. ஆண் முனையைப் பெண் முனைக்குள் தள்ளினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பிறகு வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும். மூடுவது அதைவிட மெதுவாக. இரவில் குளியலறைப் பைப்பைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, ஓடிவந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் குழாயை அடிக்கிற சத்தம் அது. அரை இஞ்சிக் குழாயில் அது சத்தம். ஆறு இஞ்சிக் குழாயில் அதுவே வெடிப்பு.

இன்னொன்று: ஹைட்ரன்டிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் நேரே தீக்குப் போவதில்லை. தீயணைப்பு வண்டியின் பம்புக்குப் போய், அங்கே அழுத்தம் கூட்டப்பட்டு, பிறகுதான் தீக்குப் போகும். வண்டியிலிருக்கும் தாங்கி சில நிமிடத்தில் முடிந்துவிடும். அது முடிவதற்குள் வண்டியை ஹைட்ரன்டோடு கோர்த்துவிடுவதுதான் அவர்களுடைய அவசரம். அதனால்தான் நியூயோர்க்கில் ஹைட்ரன்டுக்கு இரண்டு பக்கமும் 15 அடிக்குள் வாகனம் நிறுத்தினால் தண்டம்.

இதை வாசிக்கும் வன்னிக்காரர் கேட்கலாம்: "எங்கட ஊரில குளம் இருக்கு, கிணறு இருக்கு, வாய்க்கால் ஓடுது. இந்தச் சாமான் ஒன்றையும் காணேல்லையே?" நியாயமான கேள்வி. இரணைமடுக் குளம் வான்பாய்கிற மாதத்தில் நம்மைப்போல் தண்ணீர் கண்டவர்கள் யார்? ஆனால் ஹைட்ரன்டுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, அந்தத் தண்ணீர் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு உயரம் வேண்டும். 10 மீற்றர் உயரம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு), 30 மீற்றர் 3 பார். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போரில் விழுந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைப் பலர் பார்த்திருப்பீர்கள். வருடக்கணக்காகச் சரிந்தபடியே கிடந்தது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். குழாய் வேலைக்காரன் என்பதால் எனக்கு அங்கே வேறொன்று தெரியும். கொங்கிறீற்றைத் திரும்பக் கட்டலாம். அன்று விழுந்தது உயரம். தாங்கி தரைக்கு வந்துவிட்டால் ஊரிலுள்ள குழாய்கள் எல்லாம் வெறும் ஓட்டைகள்தான். மேலே தாங்கியும், தடித்த குழாய் வலையும், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீரும் உள்ள நகரத்தில்தான் தெரு ஹைட்ரன்டுக்கு அர்த்தம் உண்டு.

அது இல்லாத ஊரில் நமக்கு பவுசர்தான். போகிற போக்கில் ஒன்று: பவுசர் என்பது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவில் சில்வேனஸ் பவுசர் என்பவர் 1885 இல் மண்ணெண்ணெய் இறைக்கும் பம்பு ஒன்றைச் செய்தார். அவருடைய நிறுவனத்தின் பெயர் எரிபொருள் பம்புக்கு ஆகி, பிறகு எரிபொருள் வண்டிக்கு ஆகி, நம் ஊருக்கு வரும்போது தண்ணீர் வண்டி ஆகிவிட்டது. வெயில் மாதத்தில் சந்தியில் குடங்களை வரிசை வைத்துவிட்டு அவருடைய பெயரைச் சொல்லித்தான் காத்திருக்கிறோம்.

பவுசரோடு எனக்கு ஒரு அனுபவம். சோளகக் காற்று அடிக்கிற காலம், பக்கத்துக் காணியில் வைக்கோற்போர் பிடித்துக்கொண்டது. காற்று மாட்டுக்கொட்டில் பக்கம். அரை மணி நேரத்தில் ஒரு பவுசர் வந்தது, நல்ல காரியம். ஆனால் அதன் குழாய் கொட்டில்வரை எட்டவில்லை. வயலுக்கு இறைக்கிற நீலக் குழாய் எங்களிடம் நூறடி இருந்தது. கொண்டு ஓடினோம். பவுசரின் வாய் இரண்டு இஞ்சி, எங்கள் குழாய் மூன்று இஞ்சி. ஒருவர் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினார், இன்னொருவர் கம்பி கட்டினார். வால்வைத் திறந்ததும் இணைப்பிலிருந்து பூவாணம்போல் நாலு பக்கமும் பீச்சி, கட்டினவர் தலை முதல் கால்வரை நனைந்தார், தீயில் ஒரு சொட்டு விழவில்லை. கடைசியில் வாய்க்காலில் கிடந்த முழங்கால் தண்ணீரில் பம்பை இறக்கித்தான் கொட்டிலைக் காப்பாற்றினோம். வைக்கோற்போர் எரிந்து போய்விட்டது.

அன்று எங்களுக்கு நடந்தது 1904 பெப்ரவரியில் பால்டிமோர் நகரத்துக்கு நடந்திருக்கிறது. நகரத்தின் நடுவே பெருந்தீ. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க் எல்லாம் ரயிலில் தீயணைப்பு வண்டி அனுப்பின. வந்து இறங்கிப் பார்த்தால் பல குழாய்களின் இணைப்பு பால்டிமோர் ஹைட்ரன்டில் பொருந்தவில்லை. ஒவ்வொரு ஊரும் தனக்குத் தனி அளவு வைத்திருந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்து, 1500 கட்டிடங்கள்வரை போயின. அதன் பிறகுதான் அமெரிக்காவில் இணைப்புக்குப் பொது அளவு வைத்தார்கள். அப்படியும் எல்லா நகரமும் மாறிவிடவில்லை.

தமிழில் என்ன சொல்வது? 'தீயணைப்பு நீர்க்குழாய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. குழாய் என்றால் கீழே புதைந்து ஓடுவதும் குழாய், கையில் பிடிப்பதும் குழாய். மூன்றையும் ஒரே பேரில் அழைத்தால் "குழாயைக் குழாயில் மாட்டு" என்று கத்தவேண்டி வரும். 'நீர்முனை' பரவாயில்லை. தீயணைப்புக்கு என்றால் 'தீயணைப்பு நீர்முனை' என்று பலகையில் எழுதலாம். மூலச்சொல்லிலும் தீ தனியாகத்தானே வந்து சேர்ந்தது.

என் மனதுக்கு நெருக்கமான சொல் வேறு. குளக்கட்டில் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் இடத்தை வன்னியில் துருசு என்கிறோம். தேங்கி, தள்ளிக்கொண்டு நிற்கும் தண்ணீருக்கு ஒரு வாய், அந்த வாய்க்கு ஒரு கதவு, கதவைத் தூக்க ஒரு திருகாணி. ஹைட்ரன்டில் இருப்பதும் அதேதான், குளத்துக்குப் பதில் குழாய். விவசாயிக்கு விளங்கப்படுத்த வேண்டி வந்தால் 'தெருவுக்கு வைத்த துருசு' என்று சொல்லிவிடுவேன், ஒரே வசனத்தில் விளங்கிவிடும். ஆனால் தீப்பிடித்த நேரத்தில் தீயணைப்புக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது ஹைட்ரன்ட் என்றே சொல்லுங்கள். அவர்களுக்குப் பழகிய சொல் அது. எழுத்து எப்படியும் இருக்கட்டும், ஹைட்ரன்ட், ஹைட்ரண்ட், ஈழத்துப் பழைய பாணியில் ஹைட்ரன்ற், மூன்றும் ஓடும்.

இனி அந்த வவுனியா வாசல். மாடிக் கட்டிடங்களின் முன்னால் சிவப்பாக, இரண்டு அல்லது நாலு வாயோடு நிற்பது பல இடங்களில் ஹைட்ரன்டே அல்ல. அது தண்ணீர் தருகிற வாய் அல்ல, வாங்குகிற வாய். தீயணைப்பு வண்டி வந்து, தன் பம்பால் அந்த வாய் வழியாகக் கட்டிடத்துக்குள் தண்ணீரை ஏற்றும். உள்ளே செங்குத்தாக ஏறும் குழாய் வழியாக அது ஒவ்வொரு மாடிக்கும் போகும். அந்தந்த மாடியில் இருக்கிற வால்வுதான் அங்கே ஹைட்ரன்டின் வேலையைச் செய்வது. ஆங்கிலத்தில் வெளிவாய்க்கு 'பிரீச்சிங் இன்லெட்' என்று பெயர். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பூச்சு, ஒரே பித்தளை முனை. ஆகவே ஆட்கள் எல்லாவற்றையும் ஹைட்ரன்ட் என்றுவிடுகிறார்கள்.

வித்தியாசம் பார்ப்பது சுலபம், தம்பி. திறப்பதற்குச் சக்கரமோ, சாவி போடும் தண்டோ மேலே இருந்தால் ஹைட்ரன்ட். வெறும் மூடிகள் மட்டும், திருப்ப ஒன்றுமில்லை என்றால் இன்லெட். மூடிக்குள் முனை ஆணாக இருந்தாலும் இன்லெட்தான். ஹைட்ரன்டின் முனை பெண்ணாக இருக்கும். அதற்காக மூடியைக் கழற்றிப் பார்க்க நிற்கவேண்டாம். வாசலில் இருக்கிற காவலாளி அண்ணைக்கு இந்த விளக்கம் ஒன்றும் எடுபடாது.